கப்டன் றோசியோவுக்கு ஸ்பானிஷ் தெரியாது

"ஸ்பானிஷ் கதைப்பாளோ எண்டு கேட்டாங்கள். ஓம் எண்டிட்டன்."

வெங்காயம் முடிந்துபோச்சு என்று சொல்வதுபோல இதைச் சொல்லிவிட்டு, கிளிபோட் வானை எலஸ்மியர் ரோட்டில் திருப்பினான். பக்கத்து சீற்றில் பொய்முடியை மடியில் வைத்துச் சீவிக்கொண்டிருந்த நிரூபாவின் கை அப்படியே நின்றது.

"அண்ணை, பகிடி விடாதேங்கோ."

"பகிடியில்லைத் தங்கச்சி. மெக்சிக்கோ ஆக்கள். தகப்பன்காரன் திரும்பத் திரும்பப் போன் எடுத்துக் கேட்டவன். வேற ஒரு கொம்பனியும் சரிவரேல்லையாம்."

"எனக்கு வணக்கத்துக்கு 'ஓலா'வும் வெளிக்கிடுறதுக்கு 'வாமோஸ்'உம்தான் தெரியும்!"

"அது காணும். நீ பிறவுண். அவளும் பிறவுண். உதுக்கு மேல ஆறு வயசுப் பிள்ளைக்கு என்ன வேணும்?"

அவள் என்றது கப்டன் றோசியோவை. தொலைக்காட்சியில் வரும் கார்ட்டூன் சிறுமி. மண்ணிறத் தோல், இடுப்பு வரை கறுத்த பின்னல், காதில் தங்க வளையம், நீல மழைக்கோட்டு. ஒரு பறக்கும் படகின் கப்டன். அந்தப் படகுக்கு ஒரு குணம் உண்டு. றோசியோ ஸ்பானிஷில் கட்டளையிட்டால்தான் அது கிளம்பும். மற்றவர்கள் ஆங்கிலத்தில் கத்திக் கத்தித் தொண்டை வறண்டாலும் அசையாது.

கிளிபோட் பிறந்தநாள் விழாக்களுக்கு பலூனும், துள்ளி விளையாடும் காற்றுக் கோட்டையும், வேஷம் போட்ட ஆட்களும் அனுப்புகிறவன். அவனுடைய அலுமாரியில் தொங்கிய இளவரசிகள் எல்லாருக்கும் பொன்முடி. நிரூபா ஒருத்திக்கும் பொருந்தவில்லை. பலூன் ஊதத்தான் அவளை வைத்திருந்தான். றோசியோ தொலைக்காட்சியில் வந்தாள். நிரூபாவுக்கு வேலை உயர்ந்தது. ஸ்கார்பரோவின் தமிழ்ப் பிறந்தநாள் மண்டபங்களில் நீலக் கோட்டோடு நுழைந்து, "ஓலா!" என்று ஒரு சத்தம் போட்டால் போதும். பிள்ளைகள் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொள்ளும்.

கட்டிப்பிடிப்பது றோசியோவைத்தான். சூடு மட்டும் நிரூபாவுக்கு.

அந்தச் சூட்டுக்காகத்தான் அவள் சனிக்கிழமைகளுக்குக் காத்திருந்தாள். மற்ற நாட்களில் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் முன்மேசை. பின்னேரம் திரும்புவது அஜின்கோர்ட்டில் ஒரு பேஸ்மென்ட் அறைக்கு. மகள் அட்சயா ரெக்ஸ்டேலில், தகப்பன் ராகுலனோடு. கோர்ட் இவளுக்கு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்திருந்தது. ஒரு ஞாயிறு நீச்சல் வகுப்பு, அடுத்த ஞாயிறு சிநேகிதியின் பேர்த்டே, அதற்கடுத்தது வயிற்றுக்குத்து. பிள்ளையைக் கண்டு ஒரு மாதத்துக்கு மேல். போனில் எடுத்தால், "ஹாய் அம்மா, ஐம் ஃபைன், ஓகே பை."

வான் டோர்செட் பார்க்கில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் முன் நின்றது.

"பயப்பிடாதை," என்றான் கிளிபோட். "சிரி. கையைக் காட்டு. ஒரு மணித்தியாலம் ஓடிப்போகும்."

ஓடவில்லை.

கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பார்ட்டி றூம். வாசலிலேயே அந்த மனிதன் காத்துக்கொண்டு நின்றான். குட்டையான, அகலத் தோள் கொண்ட ஆள். இஸ்திரி மடிப்புக் குலையாத வெள்ளைச் சேர்ட். பெயர் எப்ராயின். நிரூபாவைக் கண்டதும் இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்து ஸ்பானிஷில் மளமளவென்று கொட்டினான்.

நிரூபா சிரித்தாள். "ஓலா!" என்றாள். பிறகு ஆங்கிலத்தில், "பிள்ளைக்கு முன்னால மட்டும்தான் ஸ்பானிஷ். அது எங்கட கொம்பனி ரூல்," என்றாள்.

தன் வாயா இவ்வளவு வேகமாகப் பொய் சொன்னது என்று அவளுக்கே வியப்பு.

அவன் நம்பினான். உடைந்த ஆங்கிலத்தில், குரலைத் தாழ்த்தி விஷயத்துக்கு வந்தான்.

"என் மகள் ஹிமேனா. முந்தி எப்போதும் ஸ்பானிஷ். இப்போது ஒரு வார்த்தை இல்லை. நான் ஒஃபீஸ்களில் கிளீனிங். ஸ்கூலில் ஒரு பிள்ளை சொல்லிவிட்டது, ஸ்பானிஷ் கிளீனர் பாஷை என்று. அன்றைக்கு வாயை மூடினவள்தான். எனக்குப் பரவாயில்லை, எனக்குக் கொஞ்சம் ஆங்கிலம் வரும். அவள் அம்மா மெக்சிக்கோவில். விசா இரண்டு தடவை மறுத்துவிட்டார்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது. வீடியோவில் அம்மா பேசுவாள், இவள் 'ஹாய்' என்பாள், 'பை' என்பாள், போனை என்னிடம் தந்துவிட்டு ஓடிப்போவாள். அம்மா அந்தப் பக்கம் அழுவாள்."

நிரூபா கோட்டுப் பட்டனைத் திருகினாள்.

"ஸ்பானிஷ் கிளீனர் பாஷை இல்லை, கப்டன் பாஷை என்று நீ சொன்னால் நம்புவாள். உன்னை மட்டும்தான் நம்புவாள். கேக் வெட்டினதும் அம்மாவின் கோல் வரும். அதற்குமுன் அவளைப் பேசவை. அதுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டேன். பலூனுக்கு இல்லை."

நிரூபா நேரே வாஷ்றூமுக்குள் போய்க் கதவைப் பூட்டிவிட்டு கிளிபோட்டுக்கு எடுத்தாள்.

"அண்ணை, இது பெரிய விஷயம். நான் வெளிக்கிடப் போறன்."

"விசர்க் கதை கதையாதை. வெளிக்கிட்டா றோசியோவே அந்தப் பிள்ளையை விட்டிட்டுப் போன மாதிரி எல்லே இருக்கும்?"

போன் வைக்கப்பட்டது. கிளிபோட் யோசித்துச் சொல்கிற ஆள் இல்லை. ஆனால் சில நேரம் யோசிக்காமலே சரியான இடத்தில் அடித்துவிடுவான்.

ஹிமேனா ஓடிவந்து கட்டிக்கொள்ளவில்லை. அதுதான் முதல் அதிர்ச்சி. மற்றப் பிள்ளைகள் எல்லாம் இடுப்பில் தொங்க, அவள் மட்டும் கொஞ்சம் தள்ளி நின்று, மேலும் கீழுமாகப் பார்த்தாள். அவளும் நீலக் கோட்டுப் போட்டிருந்தாள். தலையில் மெல்லிய பின்னல். தகப்பன் பின்னியிருக்க வேண்டும், ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

"நிஜமாவே வந்திட்டியா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"வந்திட்டன், கப்டன்," என்றாள் நிரூபா, அதே ஆங்கிலத்தில்.

பிள்ளையின் முகம் மலர்ந்தது. பிறகு வந்து, கட்டிப்பிடிக்காமல், நிரூபாவின் முன்கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்து அளந்து பார்த்தாள். நிறம் ஒன்றுதான். திருப்தியாகத் தலையாட்டினாள்.

அட்சயா ஒருநாள்கூட எந்தப் பொம்மைக்குப் பக்கத்திலும் கையை வைத்து இப்படி அளந்ததில்லை. அளக்க அவள் நிறத்தில் ஒன்று இருந்தால்தானே?

கூரையில் கட்டிய காகிதக் கழுதையைப் பிள்ளைகள் கண்ணைக் கட்டிக்கொண்டு தடியால் அடித்து உடைத்தார்கள். இனிப்புகள் கொட்டின. நிரூபா கத்தினாள், குதித்தாள், "வாமோஸ்! வாமோஸ்!" என்றாள். எப்ராயின் தூரத்திலிருந்து கண்ணால் கேட்டுக்கொண்டே இருந்தான். எப்போது? எப்போது? அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டே இருந்தாள்.

கேக் வந்தது.

தமிழ்ப் பேர்த்டேயில் கேக் என்பது ஒரு சடங்கு. பிள்ளை வெட்டும். பிறகு குடும்பம் குடும்பமாக ஆட்கள் ஏறி, பிள்ளையின் வாயில் ஒரு துண்டைத் தீத்தி, கமெராவைப் பார்த்துச் சிரித்துவிட்டு இறங்குவார்கள். பிள்ளைக்கு வயிறு முட்டினாலும் வரிசை முடியும்வரை வாய் திறந்தே இருக்க வேண்டும். அந்த வரிசையில் றோசியோவுக்கும் ஒரு முறை உண்டு. எத்தனையோ மண்டபங்களில் நிரூபா அதைச் செய்திருக்கிறாள். கைக்குப் பழக்கம்.

இங்கே மெழுகுதிரியை ஊதினாள் ஹிமேனா. ஆட்கள் மேசையைச் சூழ்ந்து கைதட்டத் தொடங்கினார்கள். "மோர்தீதா! மோர்தீதா!" தட்டல் வேகமெடுத்தது. ஹிமேனா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேக்கை நோக்கிக் குனிந்தாள். அவளுக்குப் பின்னால் எப்ராயினின் கை மெதுவாக எழுந்தது. பிள்ளையின் பிடரிக்குப் போனது. அமத்தியது.

"ஐயோ, பிள்ளையின்ர மூஞ்சை!"

கத்தியது றோசியோ. தமிழில். பாய்ந்து, கேக்குக்கும் முகத்துக்கும் நடுவே கையைக் கொடுத்துப் பிள்ளையைப் பின்னால் இழுத்தாள். அதோடு விட்டாளா? கை பழக்கதோஷத்தில் ஒரு துண்டைக் கிள்ளி, திகைத்துத் திறந்திருந்த வாயில் தீத்தி, கமெரா இருந்த பக்கம் திரும்பிச் சிரித்தது.

கைதட்டல் நின்றுபோயிற்று.

ஹிமேனா வாயிலிருந்த கேக்கை விழுங்கினாள். மெதுவாகக் கேட்டாள். "பேர்த்டே எபிசோட்டில் றோசியோதான் முதல்ல கடிப்பாள். முகமெல்லாம் கிறீம். சிரிப்பாள். எல்லா மெக்சிக்கன் பிள்ளைக்கும் அது தெரியும். உனக்கு ஏன் தெரியாது?"

நிரூபா பார்த்தது முதல் இரண்டு எபிசோட்தான். அதுவும் நடையைப் பழக.

"நீ றோசியோ இல்லை," என்றாள் ஹிமேனா. அழவில்லை. குனிந்து மேசைவிரிப்பைத் தூக்கி, உள்ளே போய்விட்டாள். விரிப்பு விழுந்து மூடிக்கொண்டது.

எப்ராயின் நிரூபாவை ஒரு பக்கமாகக் கூட்டிப்போனான். ஏசுவான் என்று எதிர்பார்த்தாள். ஏசினால் நன்றாக இருந்திருக்கும்.

"உனக்கு ஸ்பானிஷ் தெரியாது."

"தெரியாது."

"எந்த நாடு?"

"சிறீலங்கா. தமிழ்."

அவன் தலையை ஆட்டினான். "ஒரு கொம்பனியில் கேட்டார்கள், வெள்ளைப் பெண்ணுக்கு பவுடர் பூசி அனுப்பவா என்று. வேண்டாம் என்றேன். நீ வாசலில் வந்தபோது என் மனைவிக்கு மெசேஜ் போட்டேன். நம்ம ஆள் ஒருத்தி வந்திருக்கிறாள் என்று. அவள் உடனே பதில் போட்டாள். இன்றைக்குப் புது பிளவுஸ் போடப்போகிறாளாம்."

அவன் அதைச் சொல்லி முடிக்கவும் மேசையில் சாய்த்து வைத்திருந்த ரப்லெற் அலறத் தொடங்கியது.

ஒலித்தது. ஒலித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எப்ராயின் போய் அமத்தினான். திரையில் ஒரு பெண். மஞ்சள் பிளவுஸ், வாரி முடித்த தலை, பின்னால் சுவரில் ஒட்டிய பலூன்கள். சிரித்துக்கொண்டு ஒரு பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். ஹிமேனா. ஹிமேனா. திரையில் அவள் கண்கள் மகளைத் தேடின. மேசைக்கு மேலே தாய். மேசைக்குக் கீழே பிள்ளை. நடுவில் ஒரு பலகை.

நிரூபா வெளியே போயிருக்கலாம். வான் வாசலில்தான் நின்றது. அவள் குனிந்தாள். மேசைவிரிப்பைத் தூக்கினாள். உள்ளே தவழ்ந்து போனாள்.

ஹிமேனா முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தாள். "போ," என்றாள்.

நிரூபா பொய்முடியைக் கழற்றினாள். அடியில் சொந்த முடி, வேர்வையில் ஒட்டிப்போய்க் கிடந்தது. காதிலிருந்த வளையத்தையும் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள்.

"என்ர பேர் நிரூபா. அந்தப் படகு எனக்குப் பறக்காது. எனக்கு ஸ்பானிஷ் வராது."

பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஏன் எல்லாரும் 'மோர்தீதா' எண்டு கத்தினவை?"

"அதுகூடத் தெரியாதா?" அலட்சியமான குரல். "மோர்தீதா எண்டா கடி. முதல் கடி. முகத்தைத் தள்ளணும். அப்பதான் பேர்த்டே."

"எங்கட ஊரில தீத்துவம். மூஞ்சையைத் தள்ளினா தாய்மார் சண்டைக்கு வருவினம்."

ஹிமேனாவின் வாய் சிரிக்கப் பார்த்தது. சிரிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து, "ஹிக்!"

அவசரமாக விழுங்கிய கேக். அல்லது அடக்கிய அழுகை. மறுபடியும், "ஹிக்!"

"ஆரோ நினைக்கினம்," என்றாள் நிரூபா. தமிழில், தன்னை அறியாமலே. தாயும் தாயின் தாயும் சொல்லி வாயில் ஊறிய வசனம்.

"என்ன?"

நிரூபா ஆங்கிலத்தில் தேடித் தேடிச் சொன்னாள். "இது வந்தா, தூரத்தில ஆரோ ஒராள் உன்னையே நினைச்சுக்கொண்டிருக்கினம். எங்கட ஆக்கள் அப்பிடித்தான் சொல்லுவினம். ஆர் எண்டு சரியாக் கண்டுபிடிச்சா, நிண்டிடும்."

"ஹிக்!" ஹிமேனா யோசித்தாள். "அப்பாவா?"

"அப்பா பக்கத்திலயெல்லே. தூரத்தில."

மேசைக்கு மேலே அந்தக் குரல் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. ஹிமேனா பலகையை அண்ணாந்து பார்த்தாள். அவள் கண்ணில் ஒரு கணக்கு ஓடுவது தெரிந்தது.

"அவவிட்டக் கேட்டாத்தானே தெரியும்," என்றாள் நிரூபா. "நான் கேப்பன். எனக்கு எப்பிடிக் கேக்கிறதெண்டு தெரியாது. இங்கிலிஷில கேட்டா அவவுக்கு விளங்காது. தமிழில கேட்டாலும் விளங்காது."

"ஹிக்!"

"இந்த அறைக்குள்ள கேக்கத் தெரிஞ்ச பிள்ளை நீ ஒராள்தான்."

ஹிமேனா ஒரு கையால் மேசைவிரிப்பை விலக்கினாள். தலை மட்டும் வெளியே போனது. பிறகு தோள். பிறகு காலில் நின்றாள்.

அவள் கேட்ட கேள்வியில் நிரூபாவுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. நடுவில் வந்த "ஹிக்" மட்டும் விளங்கியது. திரைக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் விம்மியது, மேசைக்கடியில் இருந்தவளுக்கே கேட்டது. பிறகு அணை உடைந்தமாதிரி ஸ்பானிஷ். ஹிமேனா பதில் சொன்னாள். தடுமாறினாள். தகப்பனிடம் திரும்பி ஒரு சொல்லைக் கேட்டாள். அவன் வாயைத் திறக்குமுன் தாயே அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்தாள்.

நிரூபா வெளியே தவழ்ந்து வந்தபோது ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. மறுபடியும் கைதட்டல். "மோர்தீதா!" இந்தமுறை ரப்லெற்றுக்குள்ளிருந்தும் ஒரு குரல் கத்தியது. எப்ராயின் அமத்த, ஹிமேனா மூக்கு, கன்னம், புருவம் எல்லாம் கிறீமாக நிமிர்ந்து, தாய்க்குக் காட்டினாள். அறையே அந்தச் சின்னத் திரையைச் சுற்றி நெருங்கியது. அந்த வட்டத்துக்கு வெளியே, கையில் பொய்முடியோடு, நிரூபா கோட்டின் பட்டன்களைக் கழற்றினாள்.

வாசலில் சப்பாத்துச் சத்தம் துரத்தி வந்தது. ஹிமேனா. கையில் காகிதத் தட்டு. அதில் கேக்.

"உனக்கு."

"தாங்க்ஸ், கப்டன்."

"அடுத்தமுறை நிஜ றோசியோ வருவாளா?"

குத்திச் சொல்லவில்லை. பிள்ளைக்கு அது தெரிய வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

"ஓம்," என்றாள் நிரூபா. "நான் சொல்லிவிடுறன்."

ஹிமேனா திரும்பி ஓடினாள். கட்டிப்பிடிக்கவில்லை.

வானுக்குள் ஹீற்றர் கொதித்தது. "எப்பிடி? ஒப்பேத்திட்டியே?" என்றான் கிளிபோட்.

"பிள்ளை தாயோட கதைச்சிட்டாள்."

"பாத்தியே! நான் சொன்னனானெல்லே, பிறவுண் எண்டாக் காணும் எண்டு."

"காணாது அண்ணை." அவள் கோட்டை மடித்துப் பின் சீற்றில் வைத்தாள். "உந்த உடுப்பை இனி நான் போடமாட்டன். ஸ்பானிஷ் கதைக்கிற பிள்ளை ஒண்டைத் தேடிப் பிடியுங்கோ. றோசியோ அதுகளின்ர ஆள். அதுகளே வரட்டும்."

கிளிபோட் அவளைத் திரும்பிப் பார்த்தான். வெளியே சனிக்கிழமைச் சனம் குளிருக்குக் குறுகி பஸ்ஸுக்கு நின்றது. "அப்ப உனக்கு என்ன வேஷம் தாறது? மிச்சமெல்லாம் வெள்ளைக்காரியள். பலூன்தான் ஊதவேணும்."

"எங்கட பிள்ளை மாதிரி ஒரு கப்டன் இல்லையோ?"

"அப்பிடி ஒருத்தி முதல்ல ரிவியில வரவேணும். வந்தாளெண்டா அடுத்த நாளே நான் உடுப்புத் தைச்சுப் போடுவன்."

வான் அஜின்கோர்ட் பக்கம் திரும்பியது.

பேஸ்மென்ட் ஜன்னலில் வெளிச்சம் ஏற்கனவே செத்துவிட்டது. நிரூபா ஜக்கெற்றைக்கூடக் கழற்றாமல் மேசையில் இருந்து அந்த எபிசோட்டைத் தேடிப் போட்டாள். கேக். கைதட்டல். றோசியோ முகத்தைக் கேக்குக்குள் புதைத்து நிமிர்ந்து, தன் மொழியில் ஏதோ கத்துகிறாள். படகு வானத்துக்கு ஏறுகிறது. பாதியில் நிறுத்தி, ரெக்ஸ்டேலுக்கு எடுத்தாள். நீண்ட நேரம் அடித்தது.

"ஹாய் அம்மா."

"பிள்ளை, என்ன செய்யிறியள்?"

"நத்திங்." பின்னால் ஏதோ விளையாட்டின் வெடிச்சத்தம்.

"இண்டைக்கு உங்களுக்கு விக்கல் வந்ததோ?"

"வாட்?"

"விக்கல்."

"வாட்ஸ் விக்கல்?"

நிரூபா வாயைத் திறந்தாள். ஆங்கிலச் சொல் நாக்கு நுனியில் இருந்தது. அதை எடுத்துக் கொடுக்க மனம் வரவில்லை. ஒரு தரமாவது பிள்ளை அந்தச் சொல்லைத் தானாகக் கேட்டு, பிடித்து, சொல்லிப் பார்க்கட்டும் என்று காத்திருந்தாள். வெடிச்சத்தம் கூடியது.

"அம்மா? ஐ ஹாவ் டு கோ. ஓகே பை."

"சரியம்மா. சும்மா கேட்டனான்," என்றாள். அதற்குள் கோல் முடிந்திருந்தது.

காகிதத் தட்டில் கேக் துண்டு கிடந்தது. கரண்டி எடுக்க எழும்பியவள், திரும்ப இருந்தாள். இரண்டு கையையும் பின்னால் கட்டினாள். குனிந்தாள். பிடரியில் அமத்த ஒரு கை இல்லை. தானாகவே முகத்தை உள்ளே விட்டாள்.

நிமிர்ந்தபோது மூக்கிலும் நெற்றியிலும் கிறீம். போனின் கறுத்த கண்ணாடியில் ஒரு முகம் தெரிந்தது. றோசியோ இல்லை. அவள் அசையாமல் இருந்து, ஒரு விக்கல் வருமோ என்று பார்த்தாள்.